பென்சில் எடுத்த கடைசிக் காட்சி

அந்தப் படத்தை வீட்டில் முதலில் பார்த்தது மகள்தான். பள்ளித் தோழிகளோடு மதியக் காட்சிக்குப் போனவள், மூக்கு சிவந்து, இமையெல்லாம் வீங்கித் திரும்பி வந்தாள். யாரோ அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தாய் பதறிப்போய் எழுந்தாள்.

"யாருடி? என்ன ஆச்சு?"

"படம்மா. கடைசி சீன். நீ பார்க்கணும்மா, தியேட்டரே அழுதுச்சு. பாப்கார்ன் விக்கிற அண்ணன்கூட கதவுகிட்ட நின்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு."

"சரியாப் போச்சு. டிக்கெட் வாங்கி அழுதுட்டு வந்தியாக்கும்" என்று அவள் மறுபடி வேலையில் உட்கார்ந்தாள்.

அவள் பல் செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, பிளாஸ்டர் மாவில் தாடை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் ஊரை மேல ஏத்துறேன், இவ ஊரைச் சிரிக்க வைக்கிறா" என்று புதிதாக யார் வந்தாலும் சொல்லிவிட்டு, அவரே முதலில் சிரிப்பார். அவளுக்கு வலது கண் மட்டும்தான் தெரியும். இடது கண்ணில் பாலாடை படிந்தாற்போல ஒரு வெள்ளை. பள்ளிக்கூட லேபில் நடந்த விபத்து என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதற்கு மேல் மகளும் கேட்டதில்லை, அவளும் வாயைத் திறந்ததில்லை.

மகள் விடவில்லை. தட்டில் கை வைத்தாலும் படம், தலை வாரினாலும் படம். கதை என்ன என்று கேட்டால் மட்டும், "நீயே பாரும்மா, உனக்குப் புரியும்" என்பாள். கடைசியில் அந்த நச்சரிப்புக்குப் பயந்தே சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். படத்தை எடுத்தது யார் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வாசற்படி தாண்டியிருக்க மாட்டாள்.

விளக்கு அணைந்து எழுத்து ஓடத் தொடங்கியது. இயக்குநர் பெயர் வந்தபோது அரங்கில் விசில் பறந்தது. ஊருக்கு அந்தப் பெயர். அவளுக்கு அவன் பென்சில். ஒல்லியாக, உயரமாக, காதில் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்த பென்சில். லேபில் அவளோடு ஒரே மேசையில் நின்றவன். அவள் அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டில் பாதியை நாள் தவறாமல் தின்றவன்.

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். மகள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் அவர்கள் பள்ளிக்கூடமே வந்து நின்றது. அதே வளைந்த மாடிப்படி. அதே பச்சை மேசைகள். பாதுகாப்புக் கண்ணாடிகளைப் பூட்டி வைத்திருந்த அலமாரியைக்கூட அவன் விடவில்லை. ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் திறக்கும் அலமாரி அது. இரண்டு சடை போட்ட வாயாடிப் பெண் ஒருத்தி வந்தாள். அவளுக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். பள்ளியில் இவளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்புறம் அந்த அமோனியா பாட்டில் வந்தது.

மூடி இறுகிக்கொண்டது, திறக்க வரவில்லை. மிளகாய் லேப் மாஸ்டரிடம் எடுத்துப் போகிறாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்: "லேசா சூடு காட்டு. ஒண்ணும் வெடிச்சிடாது."

அவள் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அதே வார்த்தை. ஒரு எழுத்து பிசகவில்லை. அப்படிச் சொல்லவே இல்லை என்று நிஜ லேப் மாஸ்டர் அன்றைக்குச் சாதித்தார். லேப் மாஸ்டர் பிரின்சிபாலின் மச்சான். பிரின்சிபாலும் இல்லை என்றார். பள்ளி முழுவதும் இல்லை என்றது. வருஷம் போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. நிஜமாகவே அவர் சொன்னாரா, பழியைத் தள்ள நானாகக் கட்டிக்கொண்டேனா என்று எத்தனையோ முறை தன்னைத்தானே குடைந்திருக்கிறாள். இப்போது அந்த வார்த்தை ஆறு ஆள் உயரத்துக்கு நின்று பேசுகிறது. ஆக, அவன் காதில் விழுந்திருக்கிறது. எல்லாம் விழுந்திருக்கிறது.

கடைசிக் காட்சிக்கு அரங்கமே தயாராக இருந்தது. ஏற்கெனவே பார்த்தவர்கள் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பள்ளியின் பிரிவுபசார விழா. மேடையில் பிரின்சிபால் ஒழுக்கத்தைப் பற்றி முழங்குகிறார். ஒல்லியான பையன் ஒருத்தன் படியேறிப் போய் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்குகிறான். "அவ விளையாடலை. நான் பக்கத்துலதான் நின்னேன். லேப் மாஸ்டர் சொல்லித்தான் சூடு காட்டினா" என்று குரல் உடைந்து கத்துகிறான். பிரின்சிபால் தலை குனிகிறார். கூட்டத்திலிருந்து மிளகாயின் அப்பா எழுந்து வந்து மகள் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிடும்மா, உன்னை நம்பலையே நான்" என்று விம்முகிறார். கண்ணில் கட்டோடு அவள் மேடையேறிப் பையனைக் கட்டிக்கொள்கிறாள். "நீ இல்லைன்னா நான் இல்லை" என்கிறாள். காகிதப் பூக்கள் கொட்டுகின்றன. வயலின் கதறுகிறது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி அவளிடம் கைக்குட்டையை நீட்டி, "அழுதுடுங்க, அடக்காதீங்க" என்றாள்.

அவள் கன்னம் ஈரமாகத்தான் இருந்தது. அந்த அப்பா உட்கார்ந்து விம்மிய இடத்தில், அவளை அறியாமல் உடைந்துவிட்டது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் எந்த வாயிலிருந்தும் வராத ஒரு வார்த்தையை பென்சில் எவனோ ஒரு நடிகனுக்கு எழுதிக் கொடுத்து, அதைக் காட்டி அவளையும் அழ வைத்துவிட்டான். தன் முகத்தைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது மகள் ஆவலாகக் கேட்டாள். "எப்படிம்மா? அந்த ஹீரோ சூப்பர்ல?"

"ஹீரோவா? அவன் வாயில மண்ணைப் போட!"

நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மெதுவாக அவள் தோளைத் தொட்டார். "படம்தானே, விடு."

"உங்களுக்குப் படம். எனக்கு அது என் மூஞ்சி" என்றாள். அந்த இடத்திலேயே, பேருந்து வருவதும் போவதுமாக இருக்க, மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

நடந்தது வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். பேருந்து ஓட்டுநரான அப்பா வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். அவரை உட்காரச் சொல்லவில்லை. பென்சிலைக் கூப்பிட்டு, "நீதான் பக்கத்துல நின்ன. என்ன பார்த்தே?" என்று கேட்டார்கள். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். பென்சில் இருக்கிறான், சொல்லிவிடுவான். பென்சில் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்: "அவ விளையாடிக்கிட்டு இருந்தா சார்." அப்பாவின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. கட்டுப் போட்டிருந்த பக்கம். பென்சில் அப்போதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று அவளை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் தனியாகப் பரீட்சை எழுதினாள். அப்பா அதற்குப் பிறகு அவளிடம் பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து" அவ்வளவுதான். அவள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். தன் மகள் விளையாடித்தான் கண்ணைத் தொலைத்தாள் என்று நம்பிக்கொண்டே போனார்.

மகள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் போனைத் தடவிக்கொண்டே வந்தாள். வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் போனை நீட்டினாள்.

"அவரு நம்ம தியேட்டருக்கு வர்றாரும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை. படம் முடிஞ்சதும் ஸ்டேஜ்ல வந்து ஆடியன்ஸ்கூடப் பேசுவாராம்."

வீட்டுக்காரர் முகம் மாறியது. "ஏய் வாலு, ஏன் எரியிற இடத்துல எண்ணெய் ஊத்துற?"

"ஊத்தட்டும்" என்றாள் அவள். "போவோம்."

அந்த வாரம் முழுவதும் அவள் கையில் வேலை நிற்கவில்லை. மெழுகு வழிந்தது, பல் கோணியது. ஒரு பெரியவரின் மேல்வரிசையை இரண்டு முறை பிரித்துக் கட்ட வேண்டி வந்தது. படுத்தால் வயலின் சத்தம். குளித்தால் காகிதப் பூ. என்ன பேசுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. பேச வேண்டியதெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் பிதுங்கியது. படம் முடிந்ததும் திரைக்கு முன்னால் விளக்கு விழ, பென்சில் வந்தான். இப்போது தொப்பை வைத்திருந்தான், தாடி வைத்திருந்தான், கறுப்புச் சட்டை போட்டிருந்தான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சார், இது உண்மைக் கதையா?" என்று கேட்டான்.

பென்சில் கொஞ்சம் நிறுத்தினான். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன் நிறுத்துகிற மாதிரி. "உண்மைக் கதைதான். அந்தப் பையன்... நான்தான்."

கூரை இடிந்துவிடும் போலக் கத்தினார்கள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காங்க சார்?" என்றது இன்னொரு குரல்.

"தெரியலை. எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"இங்கதான் இருக்கேன்" என்று அவள் எழுந்தாள்.

அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, பென்சில் இருட்டுக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதும், பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் வைப்பதும். கூட்டத்துக்கு அது தெரியவில்லை. இவள்தான் என்று நம்ப அதற்கு அவளுடைய வெள்ளைக் கண்ணே போதுமாக இருந்தது. "அவங்கதான்! கண்ணைப் பாருங்க!" என்று யாரோ கூவ, வழி விட்டார்கள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். நூறு போன்கள் உயர்ந்தன. நிகழ்ச்சி நடத்திய பெண் உருகிப்போய் ஒரு மைக்கை அவள் கையில் திணித்தாள். பின்னாலிருந்து பையன்கள் தாளம் போட்டுக் கத்தத் தொடங்கினார்கள்.

"கட்டிப்பிடி! கட்டிப்பிடி!"

பென்சில் கையை விரித்தான். அவள் பார்த்த பார்வையில் பாதியிலேயே மடக்கிக்கொண்டான். மைக்கை உள்ளங்கையால் மூடி அவள் பக்கம் குனிந்தான். "ப்ளீஸ். இங்க வேணாம். அப்புறம் பேசலாம்."

அவள் தன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "'இங்க வேணாம், அப்புறம் பேசலாம்'ங்கிறாரு."

கூட்டம் சிரித்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துவிட்டது.

"சிரிக்காதீங்க" என்றாள். "பாட்டில் உண்மை. லேப் மாஸ்டர் சொன்னது உண்மை. என் கண்ணும் உண்மை, பார்த்துக்கோங்க. கடைசியில ஒரு பையன் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி உண்மையைச் சொன்னானே, அது மட்டும் பச்சைப் பொய். இவர் எந்த மேடையும் ஏறலை. பிரின்சிபால் ரூம்ல நின்னு, 'அவ விளையாடிக்கிட்டு இருந்தா சார்'னு சொன்னாரு. அதைக் கேட்டுட்டு எங்க அப்பா கட்டுப் போட்ட பக்கத்துலயே என்னை அடிச்சாரு. அவர் என் கால்ல உக்காந்து அழலை. மன்னிப்பும் கேக்கலை. கேக்காமலே செத்துட்டாரு. ஏன்னா அவருக்கு உண்மை தெரியாது. தெரிஞ்சவன் இதோ நிக்கிறான், கேளுங்க."

மைக் செத்துப்போயிற்று. யாரோ ஒயரைப் பிடுங்கியிருந்தார்கள். அவள் அதைத் தரையில் போட்டுவிட்டு வெறும் தொண்டையில் தொடர்ந்தாள். "கேளுங்க அவனை! அவன் வாயால சொல்லச் சொல்லுங்க!"

கூட்டம் இரண்டுபட்டது. "மைக்கைக் குடுங்கய்யா அந்த அம்மாவுக்கு" என்று ஒரு பெண் கத்தினாள். "எல்லாம் விளம்பரத்துக்கு, செட் பண்ணி வச்சிருக்காங்க" என்றான் ஒருத்தன். "படம் நல்லாத்தானே இருந்துச்சு, ஏம்மா கெடுக்குறீங்க?" என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கறுப்புச் சட்டை பக்கவாட்டுக் கதவு வழியே நழுவியிருந்தது.

காணொளி ஊர் முழுக்கச் சுற்றியது. பாதிப் பேர் அவளுக்காகப் பொங்கினார்கள். மீதிப் பேர், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பெரிய ஆளாகப் பார்க்கிறாள் என்று எழுதினார்கள். மகள் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்ட, அவள் போனைப் பிடுங்கி பிளாஸ்டர் வாளிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். படம் மட்டும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. முன்னைவிட நன்றாக ஓடுகிறது என்றுகூடச் சொன்னார்கள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில், அவள் பட்டறையில் ஒரு கீழ்வரிசையை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் நிழல் விழுந்தது. தொப்பியும் முகமூடியுமாக ஓர் ஆள். கழற்றினால் பென்சில்.

அவள் மோட்டாரை நிறுத்தவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் வாய் அசைந்தது.

"கேக்கலை" என்றாள்.

அவன் இன்னொரு முறை சொன்னான்.

"கேக்கலைன்னேன். ஆயிரம் பேர் முன்னாடி பொய்யை மட்டும் அவ்வளவு சத்தமாச் சொன்ன? இதுக்குக் குரல் வர மாட்டேங்குதா?"

"மன்னிச்சிடு மிளகா!" என்று அவன் கத்தினான். எதிர்வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

அவள் மோட்டாரை அணைத்தாள். "அந்தப் பேரை இன்னொரு தடவை சொன்னா இந்தத் தாடையாலயே உன் தாடையைப் பேத்துடுவேன்."

அவன் நின்றபடியே பேசினான். உட்காரச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பதினேழு வயசு என்றான். பிரின்சிபால் முந்தின நாள் சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, செய்முறைத் தேர்வு மதிப்பெண் தன் கையில் இருப்பதை நினைவுபடுத்தினார் என்றான். அந்த அறையை நினைக்காத நாளே இல்லை என்றான்.

"அந்த முடிவை என்னால மாத்த முடியலை. அதான் படத்துலயாவது மாத்தினேன். அதுதான் நான் உன்கிட்ட கேட்ட மன்னிப்பு. அப்படி நினைச்சுத்தான் எடுத்தேன், சத்தியமா."

"என்கிட்ட கேட்டியா? எப்போ?" அவள் எழுந்துவிட்டாள். கையில் கீழ்வரிசைப் பல் இருந்தது. "எங்க வீட்டுக்கு வழி தெரியாதா உனக்கு? எங்க அம்மா சோத்தைத் தின்னுட்டு வளர்ந்தவன்தானே நீ? நீ யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலைடா. கேக்காமலே உனக்கு நீயே குடுத்துக்கிட்ட. என் வாயாலயே குடுக்க வச்ச. 'நீ இல்லைன்னா நான் இல்லை'யாம்! நீ இல்லைன்னா எனக்கு ரெண்டு வார்த்தை பேசுற அப்பா இருந்திருப்பாருடா!"

அவன் அழுதான். அவளுக்கு அதைப் பார்க்க இரக்கம் வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது. அழுகை அவனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது!

"நான் என்ன செய்யணும், சொல்லு. பேட்டி குடுக்கவா?"

"ஒரு மண்ணும் வேணாம். எங்க அம்மாகிட்ட வா. அங்க சொல்லு."

அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தாள். இவள் தன் வீட்டில் வந்து தங்கச் சொன்னால், "உன் வீட்டு பிளாஸ்டர் தூசி எனக்கு ஆகாது" என்று தட்டிக் கழிப்பாள். அவர்கள் போனபோது சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பென்சிலைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காணொளியை அக்கம்பக்கத்தில் காட்டியிருந்தார்கள் போலிருக்கிறது. அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சொல்லுப்பா" என்றாள்.

பென்சில் சொன்னான். லேப் மாஸ்டர் சொன்ன வார்த்தையைச் சொன்னான். தான் பொய் சொன்னதைச் சொன்னான். இங்கே நிறுத்தி நிறுத்திப் பேச அவனுக்கு வரவில்லை, தடுமாறித் தடுமாறித்தான் வந்தது.

அம்மா கடைசிவரை கேட்டாள். "அவர் இவளை அடிச்சப்ப நீ அங்கயா நின்ன?"

"ஆமாம்மா."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்பக்கூடச் சொல்லத் தோணலையா?"

அவன் கையிலிருந்த தொப்பியைத் திருகினான்.

"போ" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "இந்த வீட்டுப் பக்கம் வராத. போ."

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கியது. உடம்பு லேசாகிவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இத்தனை வருஷம் கழித்து, தன் பக்கத்து நியாயத்தை, தன் வீட்டிலேயே, தன் அம்மா முன்னாலேயே சொல்ல வைத்தாயிற்று. இனி அம்மா அவனைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டுவேன், ஒரு காப்பி போட்டுக் குடிப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்போ நிஜமாவே அந்த வாத்தியார்தான் சொல்லியிருக்கான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா, நிஜமாவேன்னா?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அம்மா. நிஜமாவேன்னா என்ன அர்த்தம்? நான் அப்பவே சொன்னேனே. ஆஸ்பத்திரியில உன் மடியில படுத்துக்கிட்டே சொன்னேனே."

"சொன்ன" என்றாள் அம்மா. "நீ சின்ன வயசுல ரொம்பத் துடுக்குடி. எதை எடுத்தாலும் நோண்டுவ. உங்கப்பா அடிச்சுச் சொன்னாரு. இவன் வேற நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி, அவனே சொல்றான்னா... எனக்கும் இருந்துச்சு. சந்தேகம். பாதி பாதியா."

"இன்னிக்கு வரைக்குமா?"

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இத்தனை நாள் அவள் ஓர் அறையை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தாள். பிரின்சிபால், லேப் மாஸ்டர், பென்சில், அப்பா. அந்த நாலு பேருக்கு வெளியே ஒருத்தி தன் பக்கம் இருக்கிறாள் என்று நம்பித்தான் மற்றதையெல்லாம் தாங்கியிருந்தாள். கண்ணுக்கு மருந்து விட்ட கை அது. பரீட்சைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை வாசித்துக் காட்டிய வாய் அது. அத்தனையும் செய்துகொண்டே, உள்ளுக்குள் பாதி நம்பாமல் இருந்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் ஒரு நாள்கூட என்கிட்ட கேக்கலை?" என்றாள். "'நீ விளையாடினியாடி'ன்னு ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தா நான் சத்தியம் பண்ணியிருப்பேனே! கேட்டாத்தானே? கேக்காமலே தீர்ப்பு எழுதிட்டு, மேல மேல சோத்தைப் போட்டா ஆச்சா? அவராவது கன்னத்துல அடிச்சாரு. நீ எங்க அடிச்சிருக்க தெரியுமா?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்" என்றாள் அம்மா.

"பயமா? உனக்கா பயம்? ஒத்தைக் கண்ணோட பள்ளிக்கூடம் இல்லாம வீட்டுல கிடந்தது நான். பயம் உனக்கா?"

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மேடையில் கத்தியபோதுகூட இந்தக் குரல் வரவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில் அவள் பக்கம் திரும்பாமல் உப்புக் கேட்டதைச் சொன்னாள். அப்போது அம்மா உப்பை எடுத்து வைத்துவிட்டுச் சும்மா இருந்ததைச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், "சின்ன வயசு விளையாட்டுல கண்ணு போச்சு" என்று அம்மாவே சொன்னதையும், அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டதையும் சொன்னாள். இதையெல்லாம் மறந்துவிட்டோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். கீழ்வீட்டிலிருந்து யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போங்க" என்று அம்மா உள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அம்மா அவள் பக்கம் வரவில்லை. கையைப் பிடிக்கவில்லை. கீழே விழுந்திருந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பழையபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னும் இருக்கும். சொல்லு" என்றாள்.

இருந்தது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, நின்றபடியே, மறுபடி ஆரம்பித்தாள்.